கேரவனில் சுற்றிக்கொண்டே ஒயினரி சீசன் வேலை: பிப்ரவரிக்கு எங்கே போகலாம்?

சாலைவாசி:

வணக்கம் எல்லோருக்கும். நானும் மனைவியும் மெல்பர்ன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு கேரவனை மாட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். இப்போது குவீன்ஸ்லாந்தில் அதர்டன் பக்கம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் இங்கே இருக்க முடியாது, எப்படியும் வருடக் கடைசிக்குள் தெற்கே இறங்கியாக வேண்டும். பையன் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டான், திரும்பிப் போக அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் டீசல், டயர், கேரவன் பார்க் வாடகை எல்லாம் கூட்டிப் பார்த்தால் வருடத்தில் இரண்டு மூன்று மாதமாவது ஓரிடத்தில் உட்கார்ந்து சம்பாதித்தால்தான் பயணம் ஓடும்.

பக்கத்து வண்டியில் இருந்த தம்பதி வருடா வருடம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒயினரியில் வின்டேஜ் வேலை, அதாவது திராட்சை அறுவடை சீசனில் ஒயின் தயாரிக்கும் வேலை, பார்த்துவிட்டு மீதி மாதங்களில் ஊர் சுற்றுகிறார்களாம். பழம் பறிக்கும் வேலை எனக்கு முதுகு ஒத்துக்கொள்ளாது, இது வேறு என்றார்கள். கேட்டதிலிருந்து எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது.

கேட்க வேண்டியது இதுதான். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, ஒயினரி அனுபவம் கிடையாது, எடுப்பார்களா? நான் கிடங்கில் வேலை பார்த்தவன், ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் இருக்கிறது. மனைவி ஆஸ்பத்திரி பேத்தாலஜி லேபில் பல வருடம் இருந்தவர். இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைக்குமா, கேரவனை எங்கே போடுவது, எப்போது விண்ணப்பிப்பது? இன்னொன்று, நாங்கள் இருவரும் குடிப்பதில்லை, மனைவி சைவம். அது வேலைக்கு இடைஞ்சலாகுமா? சேலத்தில் இருக்கும் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது தனிக் கேள்வி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இருவரும் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியவர்கள், விசா பிரச்சினை இல்லை.

---

மல்லி_அடிலெய்ட்:

வணக்கம் அண்ணா. நானும் அவரும் கேரவனில் இருந்துகொண்டே பல வின்டேஜ் செய்திருக்கிறோம், அநேகமாக தெற்கு ஆஸ்திரேலியாவில்தான். உங்களுக்கு வேலை கிடைக்கும். வயது ஒரு பொருட்டே இல்லை, கேரவனில் சுற்றுகிற ஓய்வுபெற்ற ஆட்கள் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். நேரத்துக்கு வந்து நிற்கிற, சொன்னதைக் கவனமாகச் செய்கிற, சீசன் முடியும்வரை ஓடிப்போகாத ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். அதிலும் உங்களிடம் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் இருக்கு, அது பெரிய காரியம். அது நாடு முழுக்கச் செல்லுபடியாகும் ஹை ரிஸ்க் லைசென்ஸ்தானா, காலாவதி ஆகவில்லையா என்று மட்டும் இப்பவே பாருங்கோ.

அக்காவை லேபுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கோ. வின்டேஜ் லேபில் செய்வது பிஹெச், அமிலம், சர்க்கரை, சல்ஃபர் அளவு எல்லாம் பார்ப்பது. பிப்பெட்டும் டைட்ரேஷனும் கை பழகியவருக்கு மற்றதைச் சொல்லிக்கொடுக்க அதிக நாள் எடுக்காது. பெரிய ஒயினரிகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சாம்பிள் வரும், எண்ணை மாற்றி எழுதாமல் பொறுமையாகச் செய்கிறவருக்கு அங்கே நல்ல மதிப்பு. தூக்கிச் சுமக்கிற வேலையும் குறைவு.

மற்ற வேலைகள் என்றால் செல்லார் ஹேண்ட்தான் அதிகம், அதாவது ஒயின் தயாரிக்கும் கூடத்தில் கையாள் வேலை. டேங்குக்கு டேங்க் ஒயின் மாற்றுவது, பம்ப் ஓவர் செய்வது (அடியிலிருக்கும் சாற்றை எடுத்து மேலே ஊற்றுவது), ஈஸ்ட் கலக்கிப் போடுவது, காலையும் மாலையும் ஒவ்வொரு டேங்கிலும் போமே (சாற்றில் மிச்சமிருக்கும் சர்க்கரையைக் காட்டும் அளவு) அளந்து எழுதுவது, அப்புறம் கழுவுவது, கழுவுவது, திரும்பவும் கழுவுவது. வேலையில் பாதி கழுவுகிறதுதான் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கோ. அதைவிட வேய்பிரிட்ஜ் இருக்கு, திராட்சை லொறி வந்தால் எடை போட்டு, எந்தத் தோட்டம், என்ன ரகம், எந்தத் தொட்டிக்குப் போகுது என்று பதிவு செய்வது. திராட்சையை நசுக்குகிற கிரஷரில், பிழிகிற பிரஸ்ஸில் நிற்பது இன்னொன்று. இரவில்தான் மெஷின் அறுவடை அதிகம், பழம் குளிராக இருக்க வேண்டும் என்பதற்காக. அதனால் இரவு ஷிஃப்டுக்கு எப்போதும் ஆள் தேடுவார்கள். ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம் என்பது சாதாரணம், கிழமைக்கு ஆறு நாள் என்பதும் சாதாரணம்.

எங்கே என்று கேட்டால், ஹண்டர் வேலி ஜனவரியிலேயே தொடங்கும், அங்கே சூடும் ஈரமும் சேர்ந்து ஆளை வாட்டும். ரிவர்லாண்ட், மில்டூரா, கிரிஃபித் பக்கம் ஜனவரி கடைசியிலிருந்து. அங்கேயெல்லாம் ஒயினரி தொழிற்சாலை மாதிரி பெரிசு, மணி நேரம் நிறையக் கிடைக்கும். பரோசா, மக்லாரன் வேல், கிளேர் எல்லாம் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. கூனவாரா கொஞ்சம் பிந்தும். டாஸ்மேனியா எல்லாவற்றுக்கும் கடைசி, மார்ச்சில் தொடங்கி மே வரைக்கும் போகும், ஆனால் கேரவனோடு ஜீலாங்கில் கப்பல் ஏற வேண்டும், அந்த டிக்கெட்டை பல மாதம் முன்பே எடுக்க வேணும். மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்கரெட் ரிவர் வடிவான இடம், ஆனால் நல்லார்பர் சமவெளியைத் தாண்டிப் போகிற தூரத்தையும் அங்கே கேரவன் பார்க்கில் இடம் கிடைக்கிற கஷ்டத்தையும் யோசித்துக்கொள்ளுங்கோ.

விண்ணப்பத்தை இப்பவே அனுப்புங்கோ. பெரிய கம்பெனிகள் ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே விளம்பரம் போடத் தொடங்கிவிடும், நவம்பருக்குள் பெரும்பாலான இடம் நிரம்பிவிடும். சின்ன ஒயினரிகள் விளம்பரமே போடாது, நேரே மெயில் போட்டுக் கேட்க வேணும், அல்லது போன் எடுத்துக் கதைக்க வேணும். கணவன் மனைவி இருவரும் வருகிறோம், தங்க இடம் எங்களிடமே இருக்கு என்று முதல் வரியிலேயே எழுதுங்கோ. வெளியூர் ஆட்களுக்கு வீடு தேடிக்கொடுப்பதுதான் அவர்களுக்குப் பெரிய தலையிடி, அது உங்களிடம் இல்லை என்றால் உடனே கவனிப்பார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. வேலை உறுதியான பிறகு இடம் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். எங்கே தூங்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கோ. பன்னிரண்டு மணி நேரம் ஈரத்தில் நின்றுவிட்டு வந்து சரியாகத் தூங்க முடியாவிட்டால் மூன்றாவது கிழமையில் உடம்பு விட்டுவிடும், அந்த நேரத்தில்தான் ஹோஸில் தடுக்கி விழுகிறதும், தப்பான வால்வைத் திறக்கிறதும் நடக்கும். வேலை விட்டுப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு வேலை கஷ்டமாக இருந்திருக்காது, தூக்கம்தான் கிடைத்திருக்காது. இலவச முகாம்களை நம்பி வின்டேஜ் செய்ய முடியாது, பல இடத்தில் ஒன்றிரண்டு இரவுக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். சில ஒயினரிகள் தங்கள் காணியிலேயே கேரவன் போட விடுவார்கள். கரண்ட், தண்ணீர், டாய்லெட் இருக்கா, கிரஷர் சத்தம் எவ்வளவு தூரத்தில் என்று கேளுங்கோ. இல்லையென்றால் கேரவன் பார்க்கில் மாத வாடகை பேசுங்கோ. ஈஸ்டர் அநேகமாக வின்டேஜுக்கு நடுவில்தான் வரும், அந்த நாட்களுக்கு உங்கள் சைட் (கேரவன் நிறுத்தும் இடம்) வேறு யாருக்காவது முன்பதிவு ஆகியிருந்தால் எழுப்பிவிடுவார்கள். மார்ச் நீண்ட வார இறுதிக்கும் இதே கதைதான். இரண்டையும் சேர்த்து இப்பவே புக் பண்ணுங்கோ.

குடிக்காதது ஒரு பிரச்சினையும் இல்லை. மணமும் ருசியும் பார்க்கச் சொன்னால் வாயில் வைத்துத் துப்பினால் போதும், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், மணந்து மட்டும் பார்க்கிறேன் என்றாலும் ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு குடிக்காமல் இருப்பது நல்லதுதான், சில இடத்தில் ஊதிக் காட்டச் சொல்வார்கள்.

---

பீப்பாய்க்காரன்:

மல்லி அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பரோசாவில் வருடம் முழுக்க செல்லாரில் இருப்பவன், ஒவ்வொரு சீசனும் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அதனால் யாரும் விளம்பரத்தில் எழுதாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பெரிய பதிவாக இருந்தாலும் முழுக்கப் படியுங்கள்.

திராட்சைச் சாறு புளிக்கும்போது ஆல்கஹாலோடு கார்பன் டை ஆக்சைடும் வரும். சாற்றின் அளவைப் போல பல மடங்கு. அது காற்றைவிடக் கனம், டேங்குக்குள்ளும், தரையிலுள்ள குழிகளிலும், கதவு சாத்திய பீப்பாய் அறையிலும் போய்த் தங்கும். நிறம் கிடையாது, நாம் எச்சரிக்கையாகும் அளவுக்கு வாசனையும் கிடையாது. எட்டு மணி நேர வேலைக்கு இங்கே சட்டப்படி அனுமதித்த அளவு 5,000 பிபிஎம், அதாவது காற்றில் அரை சதவீதம். பத்து சதவீதத்தைத் தொட்டால் சில நிமிடத்தில் நினைவு போய்விடும். சிவப்பு ஒயின் வடித்த பிறகு டேங்க் அடியில் தோலும் விதையும் மலையாகக் கிடக்கும், அதை மண்வெட்டியால் வாரி வெளியே தள்ள வேண்டும். அந்த நேரம்தான் ஆபத்து. கேஸ் மீட்டர் வைத்துப் பார்த்து, பெர்மிட் எழுதி, வாசலில் ஒருவர் காவல் நின்றால்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். தலையை மட்டும் நீட்டிப் பார்க்கிறேன் என்பதும் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது, கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவரைத் தூக்கப் போய் அடுத்தவர், அவரைத் தூக்கப் போய் இன்னொருவர் என்று செத்ததை எத்தனை முறை செய்தியில் படித்திருக்கிறோம், அதேதான் இங்கேயும் நடக்கும். பயிற்சி தராமல் டேங்கில் இறங்கச் சொல்லும் இடமாக இருந்தால் முடியாது என்று சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், வேறு ஒயினரி இருக்கிறது.

இரண்டாவது, காஸ்டிக். டேங்க் சுவரில் டார்டரேட் உப்பு கல் மாதிரிப் படியும், அதைக் கரைக்கக் காஸ்டிக் சோடா ஓட்டுவோம், பிறகு தண்ணீர், பிறகு சிட்ரிக் அமிலம், பிறகு திரும்பத் தண்ணீர். காஸ்டிக் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி, முழுக் கையுறை, முகத்தடுப்பு. ஹோஸைக் கழற்றும் முன் பம்ப் நின்றிருக்கிறதா, அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். களைத்துப்போன இரவில் இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

மற்றபடி வேலை எனக்கு உயிர். அதிகாலை மூன்று மணிக்கு சிராஸ் என்ற சிவப்புத் திராட்சை புளிக்கும் டேங்க் மேலே நின்று பம்ப் ஓவர் செய்வதைப் பாருங்கள். தோலெல்லாம் மேலே மிதந்து கெட்டியாக மூடியிருக்கும், அதன்மேல் அடியிலிருந்து எடுத்த சாறு விழும்போது முதலில் உள்ளே இறங்காமல் குளம் கட்டும், பிறகு ஓரிடத்தில் விரிசல் விட்டு உள்வாங்கும், கருஞ்சிவப்பு நுரை பொங்கும். காலையில் போமே பதிமூன்று காட்டிய டேங்க் நாளுக்கு நாள் இறங்கி பூஜ்ஜியத்துக்கு வருவதை நம் கையெழுத்திலேயே அட்டையில் பார்ப்போம். அது முழுக்க ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்த கணக்கு. ஒருநாள் நின்றுபோனாலும் மனசு பதறும்.

கை கறுத்துப்போகும், நகத்துக்குள் ஏறிவிடும். சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள், சோப்பின் காரத்தன்மை பட்டால் கருநீலமாக மாறி இன்னும் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சை அல்லது சிட்ரிக் அமிலத்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தேய்த்துவிட்டுப் பிறகு கழுவுங்கள்.

---

நெல்லை_பையன்:

அண்ணே, நான் அடிலெய்டில் ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறேன். பிப்ரவரி கடைசியில்தான் செமஸ்டர் தொடங்கும், நானும் வின்டேஜ் செய்ய முடியுமா? ஊரில் என் தம்பிக்கும் ஆசை, டிகிரி முடித்துவிட்டான்.

---

மல்லி_அடிலெய்ட்:

தம்பி, படிப்பு நடக்கும் காலத்தில் உங்களுக்கு இரண்டு கிழமைக்கு 48 மணி நேரம்தான். வின்டேஜில் அது நாலு ஷிஃப்டிலேயே முடிந்துவிடும். செமஸ்டர் தொடங்கும் முன் லீவில் தடை இல்லை, ஆனால் மார்ச்சில் அறுவடை உச்சத்தில் இருக்கும்போது விட்டுவிட்டுப் போகிற ஆளை அவர்கள் எடுக்க யோசிப்பார்கள். சனி ஞாயிறில் செல்லார் டோரில் (ஒயினரிக்கு வருகிறவர்கள் ருசி பார்த்து வாங்கும் இடம்) பரிமாறுகிற வேலை பாருங்கோ, அதற்கு ஆர்எஸ்ஏ, அதாவது மதுவைப் பொறுப்போடு பரிமாறும் பயிற்சிச் சான்றிதழ் வேணும், படிப்போடு ஒத்துப்போகும்.

தம்பியின் தம்பிக்கு 462 விசா இருக்கு, இளைஞர்கள் வேலை செய்துகொண்டே ஊர் சுற்றுகிற விசா. இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 1,000 பேர், வயது 18 முதல் 30 வரை, குலுக்கலில் பேர் வர வேணும். காசு வாங்கிக்கொண்டு குலுக்கலில் பேர் வரவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பதிவை அரசாங்கத் தளத்தில் நேரே போடலாம்.

---

சாலைவாசி:

இவ்வளவு விரிவாக யாரும் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பீப்பாய்க்காரன் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், அவர் கேட்டது இது. அவருக்கு லேசான ஆஸ்துமா உண்டு, பஃபர் (இன்ஹேலர்) கையோடு வைத்திருப்பார். சல்ஃபர் பயன்படுத்துகிற இடத்தில் லேப் வேலை சரிப்படுமா?

எனக்கு இன்னொரு சந்தேகம். ரிவர்லாண்டில் மணி நேரம் அதிகம் என்கிறீர்கள், பணத்துக்கு அதுதான் நல்லதா? கேரவனில் நாற்பது டிகிரி வெயிலில் பகலில் தூங்க முடியுமா என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

---

பீப்பாய்க்காரன்:

இங்கே சல்ஃபர் என்பது ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்சைடு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது கொஞ்சமே போதும், நெஞ்சு இறுகிவிடும். லேபில் சாம்பிளில் இருக்கும் அளவு சிறியது, அங்கே வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் அந்த வாயுவைத் தருகிற மெட்டாபைசல்ஃபைட் தூளை எடைபோட்டுக் கரைப்பதும், பீப்பாய்க்கு கேஸ் அடிப்பதும், கிரஷர் பக்கத்தில் சல்ஃபர் சொட்டவிடுவதும் அவர் செய்யக்கூடாத வேலைகள். மறைக்காமல் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள், டாக்டரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சொன்னால் அதற்கேற்ப வேலை பிரிப்பார்கள். சொன்னதற்காகத் தயங்குகிற இடம் உங்களுக்கு வேண்டவும் வேண்டாம். ஆஸ்துமா அதிகம் வருபவராக இருந்தால் வேய்பிரிட்ஜ் நல்லது, அது தனி அறை, கணினி, லொறிக்காரர்களோடு பேச்சு, அவ்வளவுதான்.

ரிவர்லாண்ட் பற்றி ஒன்று. அங்கே சிவப்புத் திராட்சைக்கு இப்போது நல்ல காலம் இல்லை. சீனா 2020 கடைசியில் போட்ட வரி 2024 மார்ச்சில்தான் நீங்கியது, அதற்குள் டேங்கெல்லாம் விற்காத சிவப்பு ஒயின் நிறைந்துவிட்டது, நீங்கினபிறகும் தேவை பழையபடி வரவில்லை. விலை கட்டாமல் கொடியைப் பிடுங்குகிற விவசாயிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது, தலைமுறையாக அதையே நம்பி இருக்கும் குடும்பங்கள் அவை. வேலை இல்லாமல் போகவில்லை, ஆனால் கடைசி நேரத்தில் போய் நின்றால் கிடைக்கும் என்ற பழைய நம்பிக்கையில் அங்கே போகாதீர்கள், கடிதம் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். எந்த ஊரானாலும் பழம் இயற்கையின் கையில். 2020இல் காட்டுத்தீப் புகையால் ஹண்டரில் பல ஒயினரிகள் அந்த வருடப் பழத்தையே கைவிட்டன. பத்து வாரச் சம்பளம் உறுதி என்று அதற்குமுன் செலவைத் திட்டமிடாதீர்கள்.

---

கோவை_நாடோடி:

கேரவன் விஷயம் நான் சொல்கிறேன். பகலில் தூங்க வேண்டுமென்றால் பவர்டு சைட், அதாவது கரண்ட் இணைப்புள்ள இடம், கட்டாயம். சோலாரும் லித்தியம் பேட்டரியும் எவ்வளவு போட்டிருந்தாலும் நாற்பது டிகிரியில் நாள் முழுக்க ஏசி ஓட்டுவது வேறு விஷயம். வண்டியை நிறுத்தும்போது படுக்கை இருக்கும் பக்கத்தில் மேற்கு வெயில் அடிக்காமல் பாருங்கள், ஜன்னலுக்கு வெளியிலிருந்து வெள்ளித் தடுப்பு போடுங்கள், உள்ளே போடும் திரையால் சூடு நிற்காது. நிழல் வேண்டுமென்று முர்ரே ஆற்றங்கரையில் ரிவர் ரெட் கம் மரத்தடியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். காற்றே இல்லாத நாளில் கூட அந்த மரம் பெரிய கிளையை முறித்துப் போடும்.

பார்க்கில் பதிவு செய்யும்போதே இரவு ஷிஃப்ட் வேலை என்று சொல்லி, குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் குப்பை லொறி வரும் பாதையிலிருந்தும் தள்ளி ஓர் ஓரத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். கேரவன் இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள், நிரந்தரமாக அதிலேயே குடியிருந்தால் சில பாலிசி செல்லாது, முன்கூட்டியே கம்பெனியிடம் சொல்லி எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

அப்புறம் சோதனைச் சாவடிகள். விக்டோரியா பக்கமிருந்து ரிவர்லாண்டுக்குள் போனால் ரென்மார்க்குக்கு முன்னால் யம்பாவில் நிறுத்துவார்கள். பழ ஈ பயம். பழம் மட்டுமில்லை, தக்காளியும் பச்சை மிளகாயும் கூடக் கொண்டு போக முடியாது. அதற்கு முந்தைய ஊரிலேயே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் இன்னும் கெடுபிடி, காய்கறி, தேன், செடி, மண் எதுவும் கூடாது, கேரவன் வாசலில் தொட்டியில் வைத்திருக்கும் கறிவேப்பிலையை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இதைவிட முக்கியம் ஃபைலாக்சரா. திராட்சை வேரைத் தின்கிற பூச்சி, 1877இல் ஜீலாங் பக்கம் வந்து விக்டோரியாவில் எத்தனையோ தோட்டங்களை அழித்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை வரவில்லை, அதனால்தான் பரோசாவில் 1840களில் நட்ட கொடிகள் இன்னும் காய்க்கின்றன. விக்டோரியாவில் யாரா வேலி, ரதர்க்லென் மாதிரி தொற்று இருக்கும் பகுதிகளில் தோட்டத்தில் நடந்த பூட்ஸோடு, சேறு ஒட்டிய டயரோடு நேராகப் பரோசாவுக்குப் போகாதீர்கள். மண்ணைச் சுரண்டிக் கழுவி, குளோரின் கரைசலில் நனைத்து, காயவைத்துவிட்டுப் போங்கள். நூற்றெண்பது வருடக் கொடியை நம் பூட்ஸ் அழித்தது என்று இருக்கக் கூடாது.

பணம் பற்றி. கேஷுவல் (நிரந்தரமில்லாத) வேலைக்கு 25 சதவீதம் கூடுதல் உண்டு, 12 சதவீதம் சூப்பர் (முதலாளி கட்டும் ஓய்வூதிய நிதி) தனி, ஓவர்டைமும் ஞாயிறும் ஒயின் இண்டஸ்ட்ரி அவார்டு என்கிற சட்டப்படியான சம்பள விதிகளில் எழுதியிருக்கும். தொழிலாளர் உரிமையைப் பார்க்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க் தளத்தில் போய் நீங்களே கணக்குப் பாருங்கள். எனக்கு ஒரு ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியால் நடந்தது, பேர் சொல்லப் போவதில்லை. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கான ஏபிஎன் எண் எடுத்துக்கொண்டு வா என்றார்கள். வந்த பிறகு ஓவர்டைமும் இல்லை, சூப்பரும் இல்லை, அவர்கள் ஏற்பாடு செய்த சைட்டுக்கு வாடகை என்று சம்பளத்தில் பிடித்தார்கள். செல்லாரில் அவர்கள் சொல்கிற நேரத்துக்கு வந்து அவர்கள் சொல்கிற வேலையைச் செய்கிறவர் தொழிலாளி, கான்ட்ராக்டர் அல்ல. ஏபிஎன் கேட்டாலே அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நான் ஃபேர் ஒர்க்கில் புகார் கொடுத்தேன், என்னோடு இருந்த இளம்பிள்ளைகள் பயந்து கொடுக்கவில்லை, அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது. முடிந்தவரை ஒயினரியே நேரடியாக எடுக்கும் வேலைக்குப் போங்கள்.

---

சாலைவாசி:

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டோம். நேற்று இரவு உட்கார்ந்து பேசி முடிவு செய்தது: பரோசா அல்லது கிளேர், நடுத்தர அளவு ஒயினரி, இருவருக்கும் பகல் ஷிஃப்ட் கிடைத்தால் முதல் விருப்பம். சம்பளம் ரிவர்லாண்டைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. மனைவி ஆஸ்துமாவைப் பற்றி விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம் என்கிறார். மல்லி அக்கா, போனில் கூப்பிட்டால் நாங்கள் என்னென்ன கேட்க வேண்டும்? சாப்பாட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து இவர் சமைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

---

மல்லி_அடிலெய்ட்:

நல்ல முடிவு அண்ணா. பகல் ஷிஃப்ட் என்று அவர்கள் சொன்னாலும், நடுவில் இரவுக்கு மாற்றுவார்களா என்று கேளுங்கோ, மாற்றினால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள் என்றும் கேளுங்கோ. இருவருக்கும் ஒரே ஷிஃப்டா, லீவு நாளும் ஒன்றாக வருமா? வேறு வேறு ஷிஃப்ட் என்றால் கேரவனில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் மூச்சு விடவே யோசிக்க வேணும், வண்டியும் ஒன்றுதான் இருக்கும், யார் எடுத்துப் போவது என்று தினமும் சிக்கல். மழையிலும் பழம் வராத நாளிலும் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் தருவார்கள், டேங்க் இறங்கும் பயிற்சி எந்த நாளில், கேஸ் மீட்டர் ஆளுக்கொன்றா, பூட்ஸும் மழைக்கோட்டும் யார் செலவு, சீசன் முடியும்வரை நின்றால் போனஸ் உண்டா. இவ்வளவும் கேட்டால் கோபிக்கிற ஆள் நல்ல சூப்பர்வைசர் இல்லை. சம்பள விவரத்தை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கோ. வரிப் படிவம் நிரப்பும்போது 18,200 டாலர் வரியில்லா வரம்பை ஒரு வேலையில் மட்டும் கேட்க வேணும், இருவருமே.

சாப்பாடு நாங்கள் லீவு நாளில்தான் சமைப்பது. சாம்பார், பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் ஒரு நேரத்துக்கு அளவாகச் சின்ன டப்பாவில் உறையவைத்துவிடுவோம், ஷிஃப்ட் முடிந்து வந்தால் சோறு மட்டும் வைத்தால் சரி. கேரவன் ஃப்ரீசர் சின்னது என்றால் பார்க் சமையலறை ஃப்ரீசரில் பேர் எழுதி வைக்கலாமா என்று கேளுங்கோ. அண்ணா, அந்தச் சோறை நீங்கள் வையுங்கோ. சின்ன ஒயினரிகளில் மதியம் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், அக்கா சைவம் என்று முதல் நாளே சொன்னால் அடுத்த நாளிலிருந்து ஒரு தட்டு தனியாக வரும். நாங்கள் ஒருமுறை தயிர்ச்சாதமும் ஊறுகாயும் கொண்டு போய் வைத்தோம், அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத்தான் கேட்டார்கள்.

ஜனவரி கடைசியிலிருந்து நாங்கள் பரோசாவில் நூரியூட்பா பக்கம்தான் இருப்போம். விண்ணப்பம் எழுதினதும் தனிச்செய்தியில் அனுப்புங்கோ, அவர் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தருவார். சைட்டை மட்டும் இந்தக் கிழமையே புக் பண்ணுங்கோ, ஈஸ்டர் நாட்களையும் சேர்த்து.